ஓட்டை போடுவது சுலபம், எங்கே போடுவது என்பதுதான் பாடு

சென்ற இதழில் ஆன்டிபாடி பற்றிய கேள்விக்குப் பதில் எழுதும்போது, "ஆன்டிபாடி கிருமியைப் பிடித்துக் காட்டிக்கொடுக்கும், கொல்வது பெரும்பாலும் வேறு ஆட்கள், ரத்தத்தில் இருக்கும் சில புரதங்கள் கிருமியின் உடம்பில் ஓட்டையே போட்டுவிடும்" என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரியைப் பற்றித்தான். சரி, இந்த இதழ் முழுக்க ஓட்டைதான். உடல்நிலை பற்றி எழுதிய சிலர் பெயர் வேண்டாம் என்று கேட்டதால் யார் பெயரையும் போடவில்லை.

கேள்வி: புரதம் என்றால் மெத்தென்று ஏதோ ஒன்று என்றுதான் மனதில் பதிந்திருக்கிறது. அது எப்படி ஒரு கிருமியைத் துளைக்கும்? கூரான முனை ஏதாவது இருக்கிறதா?

பதில்: முனையும் இல்லை, குத்தலும் இல்லை. ரத்தத்தில் தனித்தனியாகக் கரைந்து திரியும் புரதங்கள் கிருமியின் மேல் வந்து ஒன்றுகூடி, தாங்களே ஒரு குழாயாக மாறி, அதன் சவ்வுக்குள் இறங்கி உட்கார்ந்துவிடுகின்றன. அந்தக் குழாயின் நடுவில் இருக்கும் வெற்றிடத்தைத்தான் ஓட்டை என்கிறோம்.

இந்தப் புரதக் கூட்டத்துக்கு காம்ப்ளிமென்ட் என்று பெயர். பெரும்பகுதி கல்லீரலில் தயாராகிறது. இப்படி ஒன்று இருப்பது 1890-களிலேயே தெரியும். பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் ஜூல் போர்டே என்ற பெல்ஜியக்காரர், கிருமியைக் கொல்லும் சீரத்தை (ரத்தம் உறைந்த பிறகு மிஞ்சும் தெளிந்த திரவம்) சுமார் 55 டிகிரிக்குச் சூடாக்கினால் அந்தச் சக்தி போய்விடுகிறது என்பதையும், அந்தக் கிருமியையே பார்த்திராத இன்னொரு பிராணியின் புதுச் சீரத்தில் கொஞ்சம் சேர்த்தால் அது திரும்பி வந்துவிடுகிறது என்பதையும் காட்டினார். அதாவது கொல்வதற்கு இரண்டு சங்கதி வேண்டும். சூட்டைத் தாங்குகிற ஒன்று, அது ஆன்டிபாடி. சூட்டில் கெட்டுப்போகிற இன்னொன்று, அதுதான் காம்ப்ளிமென்ட். அவருக்கு 1919-ம் ஆண்டுக்கான நோபல் பரிசு கிடைத்தது. இன்றைக்கும் ஆய்வகங்களில் செல் வளர்ப்பவர்கள் சீரத்தை 56 டிகிரியில் அரை மணி நேரம் வைத்து எடுப்பது இந்தப் புரதங்களைச் செயலிழக்க வைக்கத்தான்.

கூட்டம் பெரிது. முப்பதுக்கும் மேற்பட்ட புரதங்கள். எல்லாவற்றையும் சொல்லப்போனால் நீங்கள் பக்கத்தைத் திருப்பிவிடுவீர்கள், அதனால் கடைசி அத்தியாயத்துக்கு நேராகப் போகிறேன். கிருமியின் மேல்பரப்பில் உருவாகும் ஒரு என்சைம் சி5 என்ற புரதத்தை இரண்டாக வெட்டுகிறது. சின்னத் துண்டு வெள்ளையணுக்களை அந்த இடத்துக்குக் கூப்பிடப் போய்விடும். பெரிய துண்டு, சி5பி, ரொம்ப நேரம் நிலைக்காத ஜாதி. சீக்கிரமே சி6 வந்து பிடித்துக்கொள்ளவில்லையென்றால் வீணாகிவிடும். சி6 சேர்ந்த பிறகு சி7 வருகிறது, அது வந்ததும் மொத்தமும் சவ்வில் ஒட்டிக்கொள்கிறது. அப்புறம் சி8, சவ்வுக்குள் முதலில் ஊடுருவுவது இதுதான். கடைசியாக சி9, இது ஒன்று மட்டும் வந்து நிற்பதில்லை, ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக 18 வரை வந்து வட்டமாக நிற்கின்றன.

சி9-ஐ மட்டும் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம், ஏனென்றால் வேடிக்கை முழுக்க அதில்தான் இருக்கிறது. தண்ணீரில் கரைந்திருக்கும்போது அதற்குள் இரண்டு சின்னச் சுருள் கட்டுகள் மடங்கிக் கிடக்கும். அந்த நிலையில் அதற்குச் சவ்வில் எந்த வேலையும் இல்லை, கொழுப்பைத் தொடும் பகுதி உள்ளே ஒளிந்திருக்கிறது. பக்கத்தில் இன்னொரு புரதம் ஏற்கெனவே வட்டத்தில் நிற்கிறது என்று தெரிந்து ஒட்டியதும், அந்தச் சுருள்கள் அவிழ்ந்து நீளமான இழைகளாக நீண்டு சவ்வைக் கடந்து இறங்குகின்றன. ஒவ்வொரு புரதமும் நான்கு இழைகளைக் கொடுக்கிறது. சி6, சி7, சி8-ன் இரண்டு பகுதிகள், 18 சி9, ஆக 22 பேர், 88 இழைகள். மூங்கில் தப்பைகளை நெருக்கமாக நிற்கவைத்து வளைத்த, அடியில்லாத கூடை போல அந்த 88-ம் சேர்ந்து ஒரு குழாயாகின்றன. வெளிப்பக்கம் கொழுப்போடு ஒத்துப்போகும், உட்பக்கம் தண்ணீரோடு ஒத்துப்போகும். உள்விட்டம் சுமார் 11 நானோமீட்டர். இந்த அமைப்புக்கு மெம்பிரேன் அட்டாக் காம்ப்ளெக்ஸ் என்று பெயர், சுருக்கமாக மேக்.

1964-லேயே சிவப்பணுக்களின் சவ்வில் இந்த ஓட்டைகளை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படம் பிடித்துவிட்டார்கள். ஆனால் அணு அளவுக்கு நெருங்கிய வரைபடம் கிடைத்தது 2016-க்குப் பிறகுதான், மாதிரியை உறையவைத்துப் பார்க்கும் கிரையோ எலக்ட்ரான் நுண்ணோக்கி வந்ததால். அதில் ஒரு ஆச்சரியம் இருந்தது: வட்டம் ஒழுங்கான வட்டமே இல்லை, முதலில் வந்தவரும் கடைசியில் வந்தவரும் சேரும் இடத்தில் ஒரு பிசகு. பாடப்புத்தகப் படங்களில் வரும் அழகான உருளையைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அது கொஞ்சம் ஏமாற்றம்தான்.

கேள்வி: 11 நானோமீட்டர் என்றால் கண்ணுக்கு என்ன, சாதாரண நுண்ணோக்கிக்கே தெரியாத அளவு. அவ்வளவு சின்ன ஓட்டைக்கு ஒரு பாக்டீரியா ஏன் சாக வேண்டும்?

பதில்: ஈ.கோலை பாக்டீரியாவின் நீளம் சுமார் 2000 நானோமீட்டர். அதில் 11 என்பது சின்னதாகத்தான் தெரியும். ஆனால் ஓட்டை வழியாக "உள்ளே இருப்பது கொட்டிப்போய்" சாகிறது என்று நினைக்காதீர்கள். பாக்டீரியா உயிரோடு இருப்பதே சவ்வின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லாததால்தான். ஹைட்ரஜன் அயனிகளை வெளியே தள்ளிவிட்டு, அவை திரும்பி உள்ளே வரும் வேகத்தில் ஏடிபி என்ற சக்தி மூலக்கூறைச் செய்துகொள்கிறது. ஓட்டை விழுந்தால் இரண்டு பக்கமும் சமமாகிவிடும். சமமானால் சக்தி இல்லை. கூடவே தண்ணீர் உள்ளே புகுந்து ஊதும்.

ஆனால் கதை இவ்வளவு நேராகவும் இல்லை. ஈ.கோலை போன்ற கிராம் நெகட்டிவ் வகைகளுக்குச் சவ்வு இரண்டு. நான் சொன்ன அயனி வேலை நடப்பது உள்சவ்வில். மேக் குழாய் உட்காருவதோ வெளிச்சவ்வில், அதன் நீளம் உள்சவ்வு வரை எட்டாது. அப்படியிருந்தும் உள்சவ்வும் கெட்டுப்போவது அளந்து பார்த்த உண்மை. எப்படி என்பதில் ஆராய்ச்சியாளர்கள் பல பத்தாண்டுகளாக மல்லுக்கட்டுகிறார்கள். நெதர்லாந்தின் உட்ரெக்ட் குழு 2019-ல் ஒரு நல்ல துப்புக் கொடுத்தது. சி5-ஐ வெட்டும் என்சைம் அந்த பாக்டீரியாவின் மேலேயே இருந்து, குழாயும் அந்த இடத்திலேயே உருவானால்தான் இரண்டு சவ்வும் அடிவாங்குகிறது. வேறெங்கோ பாதி தயாராகி வந்து விழுந்தால் வெளியே தொற்றிக்கொண்டு நிற்கிறதே தவிர பாக்டீரியா சாவதில்லை. எனக்கு இந்தத் துறையிலேயே பிடித்த முடிவு இது. ஒரே குழாய், ஒரே அளவு, எங்கே கட்டப்பட்டது என்பதில்தான் சாவும் பிழைப்பும்.

இன்னொன்று, ஓட்டை விழுந்த பிறகு தனியாக விட்டுவிடுவதில்லை. நம் உடல் திரவங்களில் இருக்கும் லைசோசைம் என்ற என்சைம் அந்த வழியாக உள்ளே போய், இரண்டு சவ்வுக்கும் நடுவில் இருக்கும் சுவரை வெட்டுகிறது. சாதாரணமாக வெளிச்சவ்வு அதை உள்ளே விடாது.

கேள்வி: அப்படியானால் எல்லா பாக்டீரியாவும் ரத்தத்துக்குள் வந்ததும் செத்துவிட வேண்டுமே?

பதில்: வேண்டும், ஆனால் சாவதில்லை. ஸ்டெஃபைலோகாக்கஸ் போன்ற கிராம் பாசிட்டிவ் வகைகளுக்கு வெளியே கெட்டியான சுவர், சவ்வு அதற்கும் உள்ளே. மேக் அதை எட்டிப் பிடிக்க முடியாது. அவற்றை வெள்ளையணு வந்து விழுங்கித்தான் ஆக வேண்டும். அந்த விழுங்கலுக்கும் காம்ப்ளிமென்ட் உதவுகிறது, ஆனால் ஓட்டை மூலமாக அல்ல. கிராம் நெகட்டிவ்களிலும் சில, மேல்பரப்பில் நீளநீளமான சர்க்கரைச் சங்கிலிகளை வளர்த்துக்கொண்டு, குழாய் சவ்வைத் தொடாத தூரத்திலேயே உருவாகி வீணாகும்படி செய்துவிடுகின்றன. மூளைக்காய்ச்சல் வரவைக்கும் மெனிங்கோகாக்கஸ் இன்னும் கெட்டிக்காரத்தனம் செய்யும். நம் செல்கள் காம்ப்ளிமென்ட்டை அடக்க வைத்திருக்கும் ஃபேக்டர் ஹெச் என்ற புரதத்தையே பிடித்துத் தன் மேல் ஒட்டிக்கொள்ளும்.

கேள்வி: எனக்குப் பயமாக இருக்கும் விஷயம் இதுதான். இந்தப் புரதங்கள் எப்போதும் என் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கின்றன என்றால் என் செல்லிலேயே ஏன் ஓட்டை விழுவதில்லை?

பதில்: விழப்பார்க்கிறது. தடுக்கிறோம், நொடிக்கு நொடி. சி9-க்கு உங்கள் சிவப்பணு எது, ஈ.கோலை எது என்று தெரியாது. அதற்குத் தெரிந்தது எல்லாம், பக்கத்தில் இடம் இருந்தால் நிற்பது, நின்றால் அவிழ்வது, அவ்வளவுதான். அதனால் நம் செல்கள் ஒவ்வொன்றும் தன் மேல்பரப்பில் காவல் வைத்திருக்கிறது.

கடைசிக் காவல் சிடி59. வெறும் 77 அமினோ அமிலங்கள் கொண்ட குட்டிப் புரதம், ஒரு கொழுப்பு நங்கூரத்தால் சவ்வில் தொங்கிக்கொண்டிருக்கும். சி8 வந்து, முதல் சி9 இழைகளை இறக்கப் போகும் நேரத்தில் இது குறுக்கே நின்று அந்த இழைகளைச் சவ்வுக்குள் போகவிடாமல் வேறு பக்கம் திருப்பிவிடுகிறது. முதல் சி9-ஐ நிறுத்திவிட்டால் மிச்சம் 17-க்கும் வேலை இல்லை. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் குழு 2019-ல் மேக் உருவாவதை நேரடியாகவே படம் பிடித்தது. அதில் அந்த முதல் சி9 இறங்கும் இடத்தில்தான் தாமதமாகிறது, அது இறங்கிவிட்டால் மற்றவை விறுவிறு என்று வந்து நிற்கின்றன. ஒரு ஓட்டை முழுசாக உருவாகச் சில நிமிடங்கள். அந்தத் தாமதம்தான் நம் செல்லுக்குத் தப்பிக்கக் கிடைக்கும் அவகாசம் என்பது அவர்கள் கருத்து. எனக்கும் அது சரி என்றே படுகிறது.

இந்தக் காவல் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு நோயே இருக்கிறது. பராக்ஸிஸ்மல் நாக்டர்னல் ஹீமோகுளோபினூரியா, சுருக்கமாக பிஎன்ஹெச் என்பார்கள். ரத்தம் தயாரிக்கும் ஸ்டெம் செல் ஒன்றில் பிக்-ஏ என்ற மரபணு கெட்டுப்போகிறது. பிறவியில் வருவதில்லை, பிறகு நேர்வது. சிடி59-ஐச் சவ்வில் கட்டிவைக்கும் அந்தக் கொழுப்பு நங்கூரத்தைச் செய்வதற்கு இந்த மரபணு வேண்டும். அது இல்லாததால், அந்த ஸ்டெம் செல்லின் வம்சத்தில் வரும் சிவப்பணுக்கள் எல்லாம் காவலில்லாமல் ரத்தத்துக்குள் வருகின்றன. காம்ப்ளிமென்ட் அவற்றை ஓட்டை போட்டு உடைக்கிறது. உள்ளே இருந்த ஹீமோகுளோபின் சிறுநீரில் இறங்கி, காலையில் எழுந்து போகும்போது சிறுநீர் அடர்ந்த பழுப்பாக இருக்கும். ராத்திரியில் மட்டும் நடக்கிறது என்று அந்தக் காலத்தில் நினைத்தார்கள். உண்மையில் பகலிலும் நடக்கிறது, இரவு முழுக்கத் தேங்குவதால் காலையில் அடர்த்தியாகத் தெரிகிறது. சோகை, அதைவிட மோசமாக ரத்தக்குழாய்க்குள் ரத்தம் உறைந்து அடைப்பது, இவைதான் ஆளைக் கொல்லும்.

இதற்கு 2007-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து எகுலிசுமாப். சி5-ஐப் பிடித்துக்கொண்டு வெட்டவிடாமல் செய்யும் ஆன்டிபாடி. சி5பி இல்லை என்றால் மேக் இல்லை. அதற்கு ஒரு விலையும் உண்டு, அதைக் கடைசியில் ஒருவர் கேட்டிருக்கிறார், அங்கே சொல்கிறேன்.

கேள்வி: நேச்சுரல் கில்லர் செல்லும் ஓட்டைதான் போடுகிறது என்று படித்தேன். அதுவும் இதே மேக்தானா?

பதில்: ஒன்றுவிட்ட சகோதரன். பெயர் பெர்ஃபோரின். நேச்சுரல் கில்லர் செல், கொல்லும் டி செல் என்ற இரண்டு வகை வெள்ளையணுக்களும் இதைச் சின்னச் சின்னப் பைகளில் நிரப்பி வைத்திருக்கும். வைரஸ் புகுந்த செல்லையோ புற்றுநோய்ச் செல்லையோ ஒட்டிப் பிடித்துக்கொண்டு, நடுவில் இருக்கும் இடுக்கில் இதைக் கொட்டும். பைக்குள் அமிலத்தன்மை, கால்சியமும் குறைவு, அதனால் அங்கே தூங்கும். வெளியே கால்சியம் கிடைத்ததும் சவ்வில் ஒட்டி, இருபது சொச்சம் சேர்ந்து வட்டமாகும். இந்த ஓட்டை மேக் ஓட்டையைவிடப் பெரியது, பெரும்பாலும் 13 முதல் 20 நானோமீட்டர் வரை. அதன் வேலை நேரடியாகக் கொல்வதைவிட, கிரான்சைம் என்ற வெட்டும் என்சைம்களை உள்ளே அனுப்புவது. உள்ளே போன கிரான்சைம் அந்தச் செல்லைத் தற்கொலை செய்ய வைக்கும்.

கொட்டுகிற செல் ஏன் சாவதில்லை? அதன் சவ்வில் கொழுப்புகள் மிக நெருக்கமாக அடுக்கியிருப்பதால் பெர்ஃபோரின் ஒட்டச் சிரமப்படுகிறது, தப்பி ஒட்டுவதும் பாஸ்ஃபட்டிடைல்செரின் என்ற கொழுப்பில் மாட்டி வட்டமாகாமல் போகிறது. இதற்கும் மேல், செல்லுக்குள் ஒளிந்து வாழும் பாக்டீரியாவைக் கொல்ல கிரானுலைசின் என்று ஒரு குட்டிப் புரதமும் அதே பையில் இருக்கிறது. பெர்ஃபோரின் செல்லைத் திறந்துவிடும், கிரானுலைசின் உள்ளே போய் பாக்டீரியாவின் சவ்வைக் குலைக்கும். எலிகளுக்கு இந்தப் புரதமே கிடையாது. எலியை வைத்து மனித நோயெதிர்ப்பை அளப்பவர்கள் கவனிக்க.

பெர்ஃபோரின் மரபணு இரண்டு பிரதியிலும் கெட்டுப் பிறக்கும் குழந்தைகளுக்கு, கொல்ல முடியாத செல்கள் எதிரியை விடாமல் பிடித்துக்கொண்டே கூச்சல் போட, அழற்சி கட்டுக்கடங்காமல் போய் உயிருக்கே ஆபத்தாகும். அந்த மரபணுவை இந்த நோயோடு இணைத்தது 1999-ல். எலும்பு மஜ்ஜை மாற்றுதான் வழி.

கேள்வி: நம் செல்லே தனக்குத் தானே ஓட்டை போட்டுக்கொள்ளும் என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். கட்டுக்கதையா?

பதில்: கட்டுக்கதை இல்லை. காஸ்டெர்மின் டி. இது மேக் குடும்பமே அல்ல, வேறு ஜாதி. சாதாரணமாக இதன் முன்பாதியைப் பின்பாதி அமுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். செல்லுக்குள் பாக்டீரியா புகுந்தது தெரிந்தால் காஸ்பேஸ் என்ற கத்திரி நடுவில் வெட்டும். முன்பாதி விடுபட்டு, முப்பது சொச்சம் சேர்ந்து, செல்லின் சவ்வில் உள்பக்கமிருந்தே 20 நானோமீட்டருக்கு மேல் அகலமான ஓட்டை போடும். அந்த வழியாக அழற்சியைத் தூண்டும் இன்டர்லூக்கின்-1 பீட்டா வெளியே போய் ஊரைக் கூட்டும். செல் ஊதும், பிறகு வெடிக்கும். அந்தக் கடைசி வெடிப்பு தானாக நடப்பது என்றுதான் எல்லாரும் நம்பியிருந்தார்கள். அதற்கும் நிஞ்சுரின்-1 என்று தனி ஆள் உண்டு என்று 2021-ல் தெரிந்தது.

பக்கத்துச் செல்லுக்கு இதனால் ஆபத்து வராது. காஸ்டெர்மின் ஒட்டும் கொழுப்புகள் நம் சவ்வின் உள்பக்கத்தில்தான் இருக்கின்றன, வெளியிலிருந்து வந்தால் பிடிமானம் கிடைக்காது. ஆனால் பாக்டீரியாவின் சவ்வில் கார்டியோலிபின் என்ற கொழுப்பு உண்டு, அதில் நன்றாக ஒட்டும். செத்த செல்லிலிருந்து வெளியே வரும் துண்டு அக்கம்பக்கத்து பாக்டீரியாவைக் கொல்வதை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள்.

ஒரு இடத்தில் பத்து செல் இப்படிச் செத்தால் அது தற்காப்பு. உடம்பு முழுக்க ஒரே நேரத்தில் நடந்தால் அது செப்டிக் ஷாக், தொற்றால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகும் நிலை. காஸ்டெர்மின் டி இல்லாத எலிகளுக்கு பாக்டீரியா நச்சைச் செலுத்தியபோது அவை பிழைத்துக்கொண்டன என்பது 2015-ல் வந்த செய்தி.

கேள்வி: வியர்வையில்கூட கிருமி கொல்லி இருக்கிறதாமே?

பதில்: இருக்கிறது. டெர்ம்சிடின். வியர்வைச் சுரப்பியில் தயாராகும் இதன் 48 அமினோ அமிலத் துண்டு துத்தநாகத்தோடு சேர்ந்து, ஆறு சுருள்கள் கொண்ட ஒரு நீளக் குழாயாகச் சவ்வில் நிற்கும். 2013-ல் இதன் படிக அமைப்பு வெளியானது.

இது பெப்டைடு வகை, அதாவது குட்டிப் புரதத் துண்டு. டிஃபென்சின், எல்எல்-37 என்று இதில் நிறையப் பேர். இவர்கள் மேக் போல வரிசைக்கிரமமாக வேலை செய்வதில்லை. பெரும்பாலும் நேர்மின்னூட்டம் கொண்டவர்கள், பாக்டீரியாவின் சவ்வு எதிர்மின்னூட்டம் கொண்டது, போய் ஒட்டிக்கொள்வார்கள். நம் சவ்வின் வெளிப்பக்கம் மின்னூட்டம் ஏறக்குறைய நடுநிலை, கொலஸ்ட்ராலும் இருக்கிறது, அதனால் நாம் ஓரளவு தப்பிக்கிறோம். ஓரளவு என்பதை அடிக்கோடிடுகிறேன். அளவு கூடினால் எல்எல்-37 நம் செல்லையும் கெடுக்கும்.

கேள்வி: ஆன்டிபயாட்டிக் எல்லாம் வேலை செய்யாமல் போகிறது என்கிறார்கள். இந்தப் புரதங்களையே ஊசியில் போட்டால் என்ன?

பதில்: இந்த யோசனை பலருக்கு வந்து, பல கம்பெனிகள் கையைச் சுட்டுக்கொண்டிருக்கின்றன. 1987-ல் மைக்கேல் சாஸ்லாஃப், அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில், ஆராய்ச்சிக்காக வயிற்றைக் கிழித்துத் தைத்த தவளைகளைக் கலங்கிய தொட்டித் தண்ணீரிலேயே விட்டும் காயம் சீழ் பிடிக்காமல் ஆறுவதைக் கவனித்து, தோலிலிருந்து மகைனின் என்ற பெப்டைடைப் பிரித்தார். அதை மாற்றியமைத்த பெக்ஸிகனான் என்ற மருந்து நீரிழிவுக்காரர்களின் கால் புண்ணுக்காகக் கடைசிக் கட்டம் வரை வந்தது. 1999-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி தரவில்லை, இருக்கிற மருந்தைவிட மேல் என்று காட்ட முடியவில்லை.

சிக்கல் ஓட்டை போடுவதில் இல்லை. ரத்தத்தில் ஊசியாகப் போட்டால் என்சைம்கள் தின்றுவிடும், தப்பியது போகிற வழியில் நம் செல்லையும் தொடும். உடம்பு தன் பெப்டைடைத் தேவையான மூலையில், தேவையான நேரத்தில், கொஞ்சமாக விடுகிறது. ஊசி அப்படிச் செய்யாது. பாக்டீரியாவே தயாரிக்கும் கோலிஸ்டின் என்ற பெப்டைடு இன்றைக்கும் கடைசி ஆயுதமாக ஐசியூ-வில் பயன்படுகிறது, சிறுநீரகத்தைப் படுத்தும் என்று தெரிந்தே கொடுக்கிறார்கள். அதற்கும் பாக்டீரியா தன் சவ்வின் மின்னூட்டத்தைக் குறைத்துக்கொண்டு தப்பிக்கக் கற்றுவிட்டது. ஒரு பாக்டீரியாவிடமிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடிய எம்சிஆர்-1 என்ற மரபணுவை 2015-ல் சீனாவிலிருந்து அறிவித்தார்கள்.

கேள்வி: இம்யூனிட்டி பூஸ்டர் மாத்திரை சாப்பிட்டால் காம்ப்ளிமென்ட் கூடுமா?

பதில்: கூடாது. கூடினாலும் உங்களுக்கு நல்லதில்லை, மேலே பிஎன்ஹெச் பற்றிச் சொன்னதை இன்னொரு முறை படியுங்கள். காசு மிச்சம்.

கேள்வி: பாக்டீரியாவுக்கும் இதே மாதிரி ஆயுதம் உண்டா?

பதில்: உண்டு, அதுவும் அச்சு அசலாக. நிமோனியா வரவைக்கும் நிமோகாக்கஸின் நிமோலைசின், லிஸ்டீரியாவின் லிஸ்டீரியோலைசின் எல்லாம் நம் கொலஸ்ட்ராலைப் பிடித்து, 30 முதல் 50 வரை சேர்ந்து, மேக்கைவிட இரண்டு மடங்குக்கு மேல் பெரிய ஓட்டை போடுபவை. அமினோ அமில வரிசையை ஒப்பிட்டால் மேக்குக்கும் இவற்றுக்கும் எந்த உறவும் தெரியாது. 2007-ல் மேக் குடும்பத்தின் முப்பரிமாண அமைப்பு முதன்முதலாக வெளிவந்தபோதுதான் மடிப்பு ஒன்றே என்று தெரிந்து எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். அதே சுருள் கட்டுகள், அதே அவிழ்தல். யார் யாரிடமிருந்து எடுத்தார்கள், அல்லது இருவருக்கும் ஒரே முன்னோரா என்பது இன்னும் வாதத்தில் இருக்கிறது.

அந்த லிஸ்டீரியா விஷயம் ரசிக்கத்தக்கது. நம் வெள்ளையணு அதை விழுங்கிப் பைக்குள் அடைத்ததும், பையின் அமிலத்தில் அதன் ஓட்டைப் புரதம் நன்றாக வேலை செய்து பையை உடைத்து வெளியேற விடும். வெளியே செல்லின் நடுநிலைத் திரவத்துக்கு வந்ததும் அந்தப் புரதம் மந்தமாகிச் சீக்கிரம் சிதைந்துவிடும். இல்லையென்றால் குடியிருக்கும் செல்லையே ஓட்டை போட்டுத் தானும் நடுத்தெருவுக்கு வந்துவிடுமே! நாமும் சளைத்தவர்கள் இல்லை, அதே பைக்குள் பெர்ஃபோரின்-2 என்று ஒன்றை விடுகிறோம், அதுவும் அமிலத்தில்தான் விழிக்கும், 16 சேர்ந்து உள்ளே மாட்டிய பாக்டீரியாவை நோக்கிக் குழாய் இறக்கும். கடற்பஞ்சுகளிடம்கூட இதன் உறவுப் புரதம் இருக்கிறது, அவ்வளவு பழசு.

கேள்வி: என் அக்காவுக்கு பிஎன்ஹெச். எகுலிசுமாப் தொடங்கப் போகிறார்கள். அதற்கு முன் மூளைக்காய்ச்சல் தடுப்பூசி போடச் சொல்கிறார்கள். ரத்த நோய்க்கும் மூளைக்காய்ச்சலுக்கும் என்ன சம்பந்தம் என்று அக்கா கேட்கிறாள், எனக்கும் புரியவில்லை.

பதில்: மருந்து சி5-ஐப் பூட்டிவிடுகிறது. அக்காவின் சிவப்பணு தப்பிக்கும், ஆனால் பாக்டீரியா மேலும் மேக் உருவாகாது. பெரும்பாலான பாக்டீரியாக்களுக்கு நம்மிடம் வேறு வழிகள் உண்டு. மூளைக்காய்ச்சல் வரவைக்கும் மெனிங்கோகாக்கஸ் என்ற ஒன்றை மட்டும் மேக் இல்லாமல் சமாளிப்பது கஷ்டம். பிறவியிலேயே சி5 முதல் சி9 வரை ஏதாவது ஒன்று இல்லாதவர்களுக்குத் திரும்பத் திரும்ப வருவது இந்தத் தொற்றுதான். எகுலிசுமாப் எடுப்பவர்களுக்கு இதன் ஆபத்து மற்றவர்களைவிட ஆயிரம் முதல் இரண்டாயிரம் மடங்கு என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் கணக்குச் சொல்கிறது.

அதனால் முதல் டோஸுக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பே தடுப்பூசி போடுவார்கள். மெனிங்கோகாக்கஸின் ஏ, சி, டபிள்யூ, ஒய் வகைகளுக்கு ஒன்று, பி வகைக்கு ஒன்று, இரண்டும் வேண்டும். அவசரம் என்றால் காத்திருக்காமல் மருந்தைத் தொடங்கி, கூடவே ஆன்டிபயாட்டிக் கொடுப்பார்கள். சில மருத்துவர்கள் தடுப்பூசி போட்ட பிறகும் தொடர்ந்து ஆன்டிபயாட்டிக் எடுக்கச் சொல்வதுண்டு, அது அவர்கள் முடிவு.

அக்காவிடம் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள். தடுப்பூசி போட்டாயிற்று என்று அலட்சியமாக இருக்கக் கூடாது. தடுப்பூசி தருவது ஆன்டிபாடியைத்தான், அந்த ஆன்டிபாடி மெனிங்கோகாக்கஸை நேரடியாகக் கொல்வது மேக் மூலமாக, மேக்கைத்தான் நாம் பூட்டி வைத்திருக்கிறோம். பாதுகாப்பு உண்டு, முழுசாக இல்லை. காய்ச்சல், கடும் தலைவலி, கழுத்து விறைப்பு, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமை, தோலில் சிவப்பாகவோ ஊதாவாகவோ புள்ளிகள், இதில் எது வந்தாலும் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்க வேண்டாம், ராத்திரி என்றாலும் அப்போதே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மருந்தோடு ஒரு எச்சரிக்கை அட்டை கொடுப்பார்கள். அதை எப்போதும் பையில் வைத்திருந்து, போனவுடன் முதலில் பார்க்கும் மருத்துவர் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். ஊசியை நிறுத்தினாலும் கடைசி டோஸுக்குப் பிறகு சில மாதங்கள் அந்த அட்டை பையில் இருக்கட்டும்.